எல்க் தலையை வீட்டிலேயே சுத்தம் பண்ணி மாட்டலாமா? வேக வைக்கவா, வண்டுக்கு விடவா?

முருகு_ஃபோர்ட்காலின்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் கொலராடோவுல மீக்கர் பக்கம், வொயிட் ரிவர் காட்டுக்குள்ள, மூணாவது ரைஃபிள் சீசன்ல ஒரு காளை எல்க் (பெரிய மான் இனம்) கிடைச்சது. கொம்பு ஐந்துக்கு ஐந்து, அதாவது ஒவ்வொரு கொம்புலயும் அஞ்சு கிளை. கறி முழுக்க வெட்டி ஃப்ரீசர்ல போட்டாச்சு. மிச்சம் இருக்கிறது தலைதான். தோலோட, கொம்போட தார்ப்பாயில சுத்தி கராஜ்ல வச்சிருக்கேன். ராத்திரியில மைனஸுக்குப் போறதால இப்போதைக்கு நாத்தம் இல்லை.

தோள் வரைக்கும் பாடம் பண்ணி, கண்ணாடிக் கண்ணு வச்சு மாட்டுறதுல எனக்கு விருப்பம் இல்லை. வெறும் மண்டையோடும் கொம்பும் போதும். இங்க யூரோப்பியன் மவுண்ட்னு சொல்றாங்களே, அது. பாடம் பண்றவரைக் கேட்டா கோடைக்கு மேல வாங்கங்கறார், விலையும் கொஞ்ச நஞ்சம் இல்லை. யூடியூப்ல பார்த்தா ஒருத்தன் கொதிக்க வைங்கறான், இன்னொருத்தன் கொதிக்க வச்சா நாசம்ங்கறான், மூணாவது ஆள் பெட்டி நிறைய வண்டை விட்டுத் தின்ன வைக்கிறான். ப்ளீச் ஊத்தலாமா கூடாதா? கையால பண்ணிப் பார்த்தவங்க யாராவது சொல்லுங்க. வீட்டுல போட்ட ஒரே நிபந்தனை, சமையல் பாத்திரம் எதையும் தொடக்கூடாது.

கல்கரி_சிவம்

வாழ்த்துகள் தம்பி. பானை, ப்ளீச் எல்லாம் பிறகு பாப்பம். முதல்ல ஒண்டு சொல்லுங்கோ, சீடபிள்யூடி (மான் இனத்தை மெலிய வச்சுக் கொல்லுற மூளை வருத்தம்) சோதனைக்குக் குடுத்திட்டீங்களோ?

நீங்கள் இருக்கிற ஊரிலதான் அந்த வருத்தத்தை முதன்முதலாக் கண்டவை. 1967ல, ஃபோர்ட் காலின்ஸில ஆராய்ச்சிக்கெண்டு அடைச்சு வச்சிருந்த மியூல் மானுகளில. 1981ல கொலராடோ காட்டில திரியிற எல்க்கிலயும் கண்டுபிடிச்சிட்டினம். இப்ப இஞ்ச அல்பேர்ட்டா வரைக்கும் வந்திட்டுது. இதைக் கொண்டுவாறது கிருமி இல்லை, ப்ரியான் எண்ட மடிப்புப் பிசகின புரதம். உயிரில்லாத சாமானை எப்பிடிக் கொல்லுறது? நாள் முழுக்கக் கொதிக்க வச்சாலும் அது அப்பிடியே கிடக்கும். அதிகமா இருக்கிறது மூளை, முள்ளந்தண்டு, கண், நிணநீர்க் கணு. நீங்கள் கையை விடப்போறதும் அதுக்குள்ளதான்.

மனுசருக்கு இது தொத்தினதா இதுவரைக்கும் உறுதியான ஒரு கேஸும் இல்லை. ஆனாலும் சோதனையில பிடிபட்ட மிருகத்தின்ர இறைச்சியைச் சாப்பிடாதேங்கோ எண்டுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொல்லுது. குடுக்கேக்க "தலையை மாட்டப்போறன்" எண்டு சொல்லிக் குடுங்கோ. தொண்டைப் பக்கத்தால வெட்டி, தாடைக்குப் பின்னால இருக்கிற கணு ரெண்டையும் எடுப்பினம். எலும்பில கீறல் விழாது.

முருகு_ஃபோர்ட்காலின்ஸ்

நன்றி அண்ணே. வேட்டை முடிஞ்சு திரும்பின கையோட வனவிலங்குத் துறை ஆபீஸ்ல குடுத்துட்டேன். "கண்டறியப்படவில்லை"ன்னு பதில் வந்துடுச்சு. பதில் வர்ற வரைக்கும் கறிப் பொட்டலத்தைத் தனியா வச்சிருந்தோம்.

மிஸூலா_பாண்டி

நல்ல காரியம் பண்ணீங்க. இனி வேலையைப் பார்க்கலாம்.

நீங்க பார்த்த மூணு பேரும் பாதி சரி, பாதி தப்பு. சூடு பண்ணலாம், ஆனா கொதிக்க விடக்கூடாது. தண்ணி 180 டிகிரி ஃபாரன்ஹீட்ல, அதாவது 82 செல்சியஸ் பக்கத்துல நிக்கணும். தெர்மாமீட்டர் இல்லாம இறங்காதீங்க. மேல ஆவி பறக்கும், ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ் வரும். அதைத் தாண்டிச்சுன்னா அடுப்பைக் குறைங்க. தளதளன்னு கொதிச்சா எலும்புக்குள்ள இருக்கிற கொழுப்பு உருகி, எலும்போட நுண்துளையிலேயே போய்த் தங்கிடும். இன்னைக்கு வெள்ளையாத் தெரியும், அடுத்த வெயில் காலத்துல நெத்தியில மஞ்சள் மஞ்சளாக் கசியும். மூக்குக்குள்ள காகிதம் கனத்துல இருக்கிற எலும்பும் அதிகக் கொதியில நொறுங்கும்.

அடுப்புக்கு முன்னாடி கத்தி வேலைதான் முக்கால்வாசி. கொம்பு மண்டையில் இருந்து கிளம்புற இடத்துல சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும். அதுக்குக் கீழ ஒட்டிக் கத்தியை ஓட்டி, பின்கழுத்துப் பக்கம் ஒரு கோடு இழுத்து, தோலை மூக்கு வரைக்கும் உரிச்சு வாங்குங்க. தலை உறைஞ்சிருந்தா ஒருநாள் வெளியில வச்சு இளக விடுங்க, பாறை மாதிரி இருக்கும்போது கத்தி வழுக்கும். கீழ்த்தாடையைக் கழட்டுங்க. கன்னத்துல இருக்கிற சதைதான் பெருசு, அதை எவ்வளவு இப்பவே வெட்டி எடுக்கிறீங்களோ அவ்வளவுக்கு அடுப்பு நேரம் மிச்சம். கண், நாக்கு எல்லாம் வெளியே வரணும்.

மேல்தாடையில முன்பக்கம், ரெண்டு ஓரத்துலயும் உருண்டையா ஒவ்வொரு பல்லு இருக்கும். அதுதான் எல்க் தந்தம். அதை அடுப்புக்கு முன்னாடியே எடுத்து வச்சிடுங்க. சூட்டுல வெடிப்பு விடும், இல்லேன்னா சதையோட சதையாக் கழண்டு குப்பைக்குப் போயிடும்.

மூளையை எடுக்கிறதுக்குன்னு மண்டையை அறுக்கத் தேவையில்லை. பின்னாடி கழுத்தெலும்பு சேர்ற இடத்துல பெரிய ஓட்டை இருக்கு. கோட் மாட்டுற கம்பியை வளைச்சு உள்ள விட்டுக் கலக்கி, தோட்டக் குழாய்த் தண்ணியை மெதுவா விட்டு வெளியே கொட்டுங்க. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு மாஸ்க் கட்டாயம். சோதனையில ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும் இதுல சமரசம் வேண்டாம். வெளியே வந்ததை ரெட்டைப் பையில கட்டி, பொதுக் குப்பை வழியா ஊர்க் குப்பைக் கிடங்குக்கு அனுப்புங்க. தோட்டத்துல புதைக்காதீங்க.

பானை விஷயம். வான்கோழி பொரிக்கிற பானை சாதா மானுக்குச் சரியா வரும், எல்க் மண்டைக்குப் பத்தாது. பாதியா வெட்டின ஸ்டீல் ட்ரம் ஒண்ணு பாருங்க, முன்னாடி பெயின்ட், எண்ணெய் எதுவும் இருந்ததா இருக்கக்கூடாது. கீழ ப்ரொபேன் அடுப்பு. கொம்பு தண்ணிக்கு வெளியே நிக்கணும், தண்ணி மட்டம் அந்த வளையத்துக்குக் கீழயே இருக்கணும். கொம்படியை அலுமினியத் தாள் சுத்தி, மேல டேப் ஒட்டுங்க. கொம்போட பழுப்பு நிறம் மரத்துல உரசி ஏறின பால், பிசின், மண்ணு. அது எலும்போட சொந்த நிறம் இல்லை, அதனால சோப்புத் தண்ணி பட்டா வெளுத்துடும்.

தண்ணியில சலவைச் சோடா கொஞ்சம், பாத்திரம் கழுவுற டான் சோப்பு கொஞ்சம். சோடாவை அள்ளிக் கொட்டினா சதை சீக்கிரம் கழலும், கூடவே எலும்பையும் அரிச்சிடும். அரை மணிக்கு மேல ஒரே மூச்சா வைக்காம, வெளியே எடுத்து மொண்ணைக் கத்தியால சுரண்டி, தண்ணியை மாத்தித் திரும்ப வைங்க. நல்லா வெந்த ஆட்டுக்கால்ல ஜவ்வு தானா வழண்டு வருமே, அந்தப் பதம் வந்ததும் நிறுத்திடணும். கடைசியில மூக்குத் துவாரத்துக்குள்ள சுருள் சுருளா இருக்கிற ஜவ்வை நீட்டு மூக்கு இடுக்கியால இழுத்து எடுங்க. அதை விட்டுட்டா மாசக்கணக்குல வீச்சம் அடிக்கும்.

ப்ளீச் எலும்புக்கு எதிரி. எலும்பைக் கட்டிப்பிடிச்சு வச்சிருக்கிற கொலாஜனை அது தின்னுடும். கழுவி எடுத்த பிறகும் அரிப்பு நிக்காது, சில வருஷத்துல சுண்ணாம்பு மாதிரி உதிரும். வெளுக்க வைக்கிறது ஹைட்ரஜன் பெராக்சைடு, அதைக் கொழுப்பு எடுத்த பிறகு பேசலாம்.

கண்ணம்மா_லாரமி

பாண்டி அண்ணா சொன்னதுல ஒரு சின்னச் சேர்க்கை. ப்ளீச்சுக்கு ஒரே ஒரு வேலை உண்டு, அது உங்க கத்திக்கு. வீட்டு ப்ளீச்சை 40 சதவீதமாக் கரைச்சு, அதுல ஸ்டீல் கத்தியை 5 நிமிஷம் போட்டா மேற்பரப்புல இருக்கிற ப்ரியான் செயலிழந்துடும்னு 2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. ஆனா ப்ளீச் திசுவுக்குள்ள இறங்காது. அதனால சதைத் துணுக்கு ஒண்ணும் இல்லாம தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் போடணும்.

இந்த நோயை என்னன்னு புரிஞ்சு சொன்னவங்க எங்க வயோமிங் பல்கலைக்கழகத்துல பின்னாடி பேராசிரியரா இருந்த எலிசபெத் வில்லியம்ஸ். 1970களோட கடைசியில, செத்த மானோட மூளையை மைக்ரோஸ்கோப்ல பார்த்து, ஆட்டுக்கு வர்ற ஸ்க்ரேப்பி வகையறாதான் இதுன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் பத்து வருஷமா, அடைச்சு வச்ச மான் ஏதோ ஊட்டக் குறைவால மெலியுதுன்னு நினைச்சிட்டிருந்தாங்க.

வண்டு பத்திக் கேட்டீங்க. டெர்மெஸ்டிட் வண்டு, அருங்காட்சியகங்கள் எலும்புக்கூடு சுத்தம் பண்றது அதை வச்சுத்தான். நான் ஒரு சேகரிப்புக் கூடத்துல அந்த அறைக்குப் பக்கத்துல வேலை பார்த்திருக்கேன். கதவைத் திறந்தா சரசரன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், புழுவெல்லாம் மொய்ச்சுத் தின்னுற சத்தம். மூக்குக்குள்ள இருக்கிற மெல்லெலும்பு உடையாம முழுசா வேணும்னா அதுக்கு ஈடு கிடையாது. ஆனா ஒரே ஒரு தலைக்காக வீட்டுல வளர்க்கிறது வெட்டி வேலை. 70லிருந்து 80 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேணும், பட்டினி போடக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது. நாலு வண்டு தப்பிச்சு வீட்டுக்குள்ள வந்தா கம்பளி, தோல் செருப்புன்னு ஆரம்பிச்சுடும். வண்டு வச்சிருக்கிற ஆள் பக்கத்துல இருந்தா காசு குடுத்துப் பண்ணிக்கோங்க. திரும்பி வந்ததும் முட்டை சாக ஒருமுறை ஃப்ரீசர்ல போட்டு எடுங்க.

கல்கரி_சிவம்

இன்னொரு வழி தண்ணியில ஊற வச்சு அழுக விடுறது. வாளித் தண்ணியை மீன் தொட்டி ஹீட்டர் போட்டு 30, 35 செல்சியஸில வச்சிருந்தா பக்டீரியாவே சதையைக் கரைச்சிடும். எலும்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். மணம் மட்டும்... ஐயோ. எங்கட பக்கத்து வீட்டு ஆள் கழிவுக் குழாய் உடைஞ்சு போச்செண்டு நகரசபைக்கு அடிச்சிட்டார். கிட்ட வீடு இருக்கிற தெருவெண்டால் இதை நினைச்சும் பாக்காதேங்கோ.

சும்மா_ஒரு_கேள்வி

தப்பா எடுத்துக்காதீங்க. கறிக்காக வேட்டையாடறது எனக்குப் புரியுது, கடையில வாங்கற கோழியும் யாரோ கொன்னதுதான். ஆனா செத்த மிருகத்தோட தலையை ஹால்ல மாட்டி வைக்கிறது எதுக்கு? "நான் கொன்னேன்"ங்கற விளம்பரம்தானே? நம்ம ஊர்ல இதையெல்லாம் வெள்ளைக்காரன் போனதோட விட்டுட்டோம்னு நினைச்சேன்.

மிஸூலா_பாண்டி

கேள்வியில தப்பு ஒண்ணும் இல்லை. விளம்பரத்துக்குன்னு மாட்டுறவன் இருக்கான். இல்லைன்னு சொன்னா பொய்.

ஆனா சட்டம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாருங்க. கொலராடோவுல கறியைக் காட்டுல விட்டுட்டுத் தலையை மட்டும் தூக்கிட்டு வந்தா, அது அபராதத்தோட போற விஷயம் இல்லை, பெருங்குற்றம். கறியைச் சுமந்து வர்றப்போ ஆணா பெண்ணான்னு காட்டுற உறுப்பு கறியோடயே ஒட்டியிருக்கணும். தனியா வெட்டின தலையைக் காட்டினா அதுக்கு ஈடாகாது. ஒரு காளை எல்க் 300 கிலோ வரும். எலும்பு நீக்கி, முதுகுல மூட்டை கட்டி, பனியில நாலஞ்சு நடை நடந்து அதை இறக்கினவனுக்கு "கொன்னேன்"ங்கிற பெருமையெல்லாம் ரெண்டாவது நடையிலேயே வடிஞ்சுடும். தலை எப்பவும் கடைசி நடையிலதான் வரணும். முதல் நடையில கொம்போட இறங்குற ஆளைக் கண்டா எனக்கு ஆகாது.

கண்ணம்மா_லாரமி

சாம்சன் கதை தெரியுமா? கொலராடோவுல எஸ்டஸ் பார்க் ஊருக்குள்ள பயமில்லாம திரிஞ்ச பெரிய காளை எல்க், ஊரே அதுக்குப் பேர் வச்சுக் கொண்டாடிச்சு. 1995ல ஒரு திருட்டு வேட்டைக்காரன் அம்பெய்து கொன்னுட்டான். அந்தக் கோபத்துல 1998ல வந்ததுதான் சாம்சன் சட்டம். ஒரு கொம்புல ஆறு கிளையோ அதுக்கு மேலயோ இருக்கிற எல்க்கைச் சட்டவிரோதமாக் கொன்னா, வழக்கமான அபராதத்துக்கு மேல 10,000 டாலர். பெருங்கொம்பு ஆட்டுக் கிடான்னா 25,000. எஸ்டஸ் பார்க் போனா அதோட வெண்கலச் சிலையைப் பார்க்கலாம்.

இதைவிட மோசமான காலமும் இருந்தது. 1900 வாக்குல வட அமெரிக்கா முழுக்க எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழ போயிடுச்சு. கிழக்குப் பக்கத்து இனம் சுத்தமாவே அழிஞ்சது. கறிக்காகவும் தோலுக்காகவும் கொன்னது போக, பாண்டி அண்ணா சொன்ன அந்த ரெண்டு தந்தப் பல்லுக்காகவே கொன்னாங்க. எல்க்ஸ்ங்கற பேர்ல இருக்கிற ஒரு சகோதர சங்கத்துக்காரங்க அதைக் கடிகாரச் சங்கிலியில தொங்கவிடறது ஃபேஷனா இருந்தது. பல்லைப் பிடுங்கிட்டு மீதி உடம்பைப் பனியில அப்படியே விட்டுட்டுப் போவாங்க. வயோமிங்ல ஜாக்சன் பக்கம் எல்க் சரணாலயம் 1912ல வந்ததுக்குப் பின்னால, குளிர்காலப் பட்டினியோட சேர்த்து இந்தக் காலத்துக் கதையும் இருக்கு. இன்னைக்கு பத்து லட்சம் பக்கத்துல நிக்குது. அதுக்குப் பணம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, வேட்டை உரிமக் கட்டணமும் 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல போடற வரியும்தான் பெரும்பங்கு. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம்.

வேட்டைக்காரங்கதான் எல்க்கைக் காப்பாத்தினாங்கன்னு சில பேர் மார்தட்டறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு லட்சத்துக்குக் கொண்டுவந்ததும் அதே துப்பாக்கிதான்.

சும்மா_ஒரு_கேள்வி

கடைசி வரியை ஒத்துக்கறேன். மாட்டுறதை இன்னும் ஒத்துக்கலை.

கூனூர்_ஜோசப்

"வெள்ளைக்காரன் போனதோட விட்டுட்டோம்"ங்கறது கொஞ்சம் சரியில்லை சார். அவன் போன பிறகும் கால் நூற்றாண்டு நடந்தது. நிறுத்தினது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான். எங்க மலையில 1877லயே நீலகிரி கேம் அசோசியேஷன் ஆரம்பிச்சு, 1879ல தனிச் சட்டமே போட்டாங்க. லைசென்ஸ், சுடக்கூடாத மாசம் எல்லாம் அப்பவே உண்டு. இங்க பழைய பங்களா, கிளப் சுவர்ல இன்னும் கடமான் தலையும் காட்டெருமைத் தலையும் தொங்கிட்டுத்தான் இருக்கு. அதுல பலது மைசூர் வான் இங்கன் கம்பெனியில பாடம் பண்ணினது. புலி, சிறுத்தைன்னு உலகம் முழுக்க அனுப்பின கம்பெனி. 1999ல மூடிட்டாங்க. அவங்க வேலையைக் கிட்டத்துல பார்த்தவங்களுக்குத் தெரியும், உதட்டு மடிப்பு வரைக்கும் உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கும்.

இந்த இழையைப் படிக்கிற ஊர்ப் பையன்களுக்கு ஒண்ணு. முருகு சார் பண்றது அங்க சட்டப்படி சரி. நீங்க முதுமலைப் பக்கம் ட்ரெக்கிங் போய், கடமான் தானா உதிர்த்த கொம்பு கீழ கிடக்குதேன்னு எடுத்து பையில போட்டாலே வழக்கு வரும். வனத்துக்குள்ள கிடக்கிறது அரசாங்கச் சொத்து.

புதுசு_டென்வர்

இடையில ஒரு சந்தேகம் ப்ரோஸ். நான் எச்-1பி விசாவுல இருக்கேன். எனக்கும் ஆசைதான், ஆனா துப்பாக்கியே தொடக்கூடாதுன்னு ரூம்மேட் சொல்றான். உண்மையா?

மிஸூலா_பாண்டி

பாதி உண்மை. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல உள்ள வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக்கூடாதுன்னு மத்திய சட்டமே சொல்லுது. அதுல இருக்கிற விதிவிலக்குல ஒண்ணு, ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகிற வேட்டை உரிமம் கையில இருக்கிறது. கிரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்க குடியேற்ற வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க, இதுல பிசகினா போறது விசா.

உரிமம் வாங்க, 1949 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்குப் பிறகோ பிறந்த எல்லாருக்கும் கொலராடோவுல வேட்டைக் கல்விச் சான்றிதழ் கட்டாயம். அந்த வகுப்பை முதல்ல முடிங்க, அதுக்குத் துப்பாக்கி சொந்தமா இருக்கணும்னு இல்லை. தொடர்ந்து 6 மாசம் அங்க குடியிருந்திருந்தா உள்ளூர்க் கட்டணம். இல்லேன்னா காளை எல்க் உரிமத்துக்கு மட்டும் 700 டாலருக்கு மேல ஆகும். ரைஃபிள் சீசன்ல தலைக்குத் தொப்பியும், உடம்புல 500 சதுர அங்குலத்துக்கு பளிச்சுன்னு ஆரஞ்சோ பிங்க்கோ போட்டிருக்கணும். பெரும்பாலான வேட்டைப் பகுதிகள்ல ஒரு கொம்புல நாலு கிளை, இல்லேன்னா புருவக் கிளை (கொம்படியில முதல்ல முளைக்கிறது) 5 அங்குலம் இருந்தாத்தான் சுடலாம். பைனாகுலர்ல எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது காட்டுக்குள்ள போயிடும், அதுதான் வழக்கமா நடக்கிறது.

நெறியாளர்

விசா பற்றிய மேல் விவரங்களுக்குத் தனி இழை தொடங்கவும். இங்கே தலையோடு நிறுத்திக்கொள்வோம்.

முருகு_ஃபோர்ட்காலின்ஸ்

அப்டேட். பண்ணைச் சாமான் கடையில புது ட்ரம் ஒண்ணு வாங்கி, நண்பர் பட்டறையில வெட்டி, கொல்லையில அடுப்பு வச்சு வார இறுதி முழுக்க நின்னேன். கன்னச் சதை எதிர்பார்த்ததைவிட ஈசியா வந்தது. கண்ணுக்குழிக்குப் பின்னாடி இருக்கிற ஜவ்வுதான் உயிரை வாங்கிடுச்சு. மூக்குமேல நீளமா இருக்கிற ரெண்டு எலும்பும் தனியாக் கழண்டு வந்துடுச்சு. கடைவாய்ப் பல் ரெண்டு ஆடுது. இப்ப காய்ஞ்ச பிறகு நெத்தியும் கொம்படியும் மஞ்சளா, தொட்டா லேசா பிசுபிசுன்னு இருக்கு. இதுக்கு மேல பெராக்சைடு போட்டுடலாமா?

மிஸூலா_பாண்டி

போடாதீங்க! பிசுபிசுப்பு கொழுப்பு. பெராக்சைடு நிறத்தை எடுக்கும், கொழுப்பை எடுக்காது. பொறுமை இல்லாம எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான்.

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில வெதுவெதுப்பான தண்ணி, நிறைய டான் சோப்பு, கொம்புக்குக் கீழ வரைக்கும் முக்கி வைங்க. மீன் தொட்டி ஹீட்டர் போட்டு சூடு இறங்காம பார்த்துக்கோங்க. தண்ணி கலங்கி, மேல ஆடை படியும். மாத்துங்க. திரும்பக் கலங்கும், திரும்ப மாத்துங்க. எல்க் மண்டை தடிப்பு, அதுவும் கொம்பு நிக்கிற மேடு சுத்தமா கொழுப்பு. வாரக்கணக்குல ஆகும். தண்ணி தெளிவாவே நின்னு, காய வச்ச எலும்பு சுண்ணாம்பு மாதிரி மங்கலா, பளபளப்பு இல்லாம இருந்தாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி வார்னிஷ், ஸ்ப்ரே எதையும் அடிச்சா கொழுப்பை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி.

அப்புறம்தான் பெராக்சைடு. முடி வெளுக்கிற சாமான் விக்கிற கடையில 40 வால்யூம் க்ரீம்னு கேளுங்க, அது 12 சதவீதம். ப்ரஷ்ல எலும்பு முழுக்கத் தடவி, பிளாஸ்டிக் தாள் சுத்தி ஒருநாள் விட்டுக் கழுவுங்க. தோல்ல பட்டா எரிச்சலோட வெள்ளையாப் பொசுக்கும், கையுறை இல்லாம தொடாதீங்க. கொம்புல ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் பளிச்சுன்னு வெளுத்து நிக்கும். கொம்படியை மறுபடியும் டேப் போட்டுக் கட்டிட்டு, வளையத்துக்குக் கீழ ஒரு விரல்கடை வரைக்கும் சின்ன ப்ரஷ்ல தடவுங்க.

மூக்கெலும்பு கழலறது சகஜம். முழுக்கக் காய்ஞ்ச பிறகு வெள்ளைப் பசையில ஒட்டுங்க, பல்லுக்கு சூப்பர் க்ளூ.

கல்கரி_சிவம்

தம்பி, கொம்பை அளக்கிற யோசனை இருக்கோ? பூன் அண்ட் க்ரொக்கெட் (பெரிய கொம்புகளைப் பதிவேட்டில ஏத்துற சங்கம்) கணக்குக்கு 60 நாள் சாதாரண அறையில காய்ஞ்ச பிறகுதான் அளப்பினம். மண்டை ரெண்டாப் பிளந்திருந்தால் எடுக்கவே மாட்டினம். அதுதான் மூளைக்கெண்டு வாளைப் போடாதேங்கோ எண்டு எல்லாரும் சொல்லுறது.

முருகு_ஃபோர்ட்காலின்ஸ்

அளக்கவெல்லாம் இல்லை அண்ணே. அந்தப் பதிவேட்டுக்கு 360 புள்ளி வேணுமாம், நம்ம ஐந்துக்கு ஐந்து அதோட வாசல் பக்கம் கூடப் போகாது.

தந்தப் பல் ரெண்டும் கையில இருக்கு. பொண்ணு அதை வச்சு மோதிரமோ தோடோ பண்ணித் தரச் சொல்றா. பண்ணலாமா?

கண்ணம்மா_லாரமி

தாராளமா. இது யானைத் தந்தத்தோட சட்டச் சிக்கல் எதுவும் இல்லாதது, இங்க நகைக்கடையிலயே மோதிரத்துல பதிச்சுத் தருவாங்க. வேர்ப்பக்கத்து ஜவ்வைச் சுரண்டிட்டு, சோப்புத் தண்ணியில ஊறவச்சு மெல்லிய துணியால தேய்ங்க. பழுப்பு வளையம்தான் அதோட அழகு, பெராக்சைடு கிட்டயே கொண்டுபோகாதீங்க.

க்ரோ பழங்குடிப் பெண்களோட பழைய உடுப்பு ஒண்ணை அருங்காட்சியகத்துல பார்த்திருக்கேன். நீலக் கம்பளித் துணியில முன்னாலயும் பின்னாலயும் வரிசை வரிசையா எல்க் பல். ஒரு எல்க்குக்கு ரெண்டே பல்லுதான், அப்போ அந்த ஒரு உடுப்புக்கு எத்தனை எல்க்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு குடும்பத்துல எவ்வளவு நல்ல வேட்டைக்காரங்க இருக்காங்கன்னு ஊருக்குச் சொல்ற உடுப்பு அது. பத்தாததுக்கு எலும்பைப் பல் மாதிரியே செதுக்கியும் தைச்சிருக்காங்க. @சும்மா_ஒரு_கேள்வி, உங்க "விளம்பரம்"ங்கற வாதத்துக்கு நானே ஆதாரம் குடுக்கறேன், வச்சுக்கோங்க.

சும்மா_ஒரு_கேள்வி

😀 வச்சுக்கிட்டேன். அந்த உடுப்பு அழகாத்தான் இருக்கும்.

முருகு_ஃபோர்ட்காலின்ஸ்

கொழுப்பு ஒருவழியா நின்னுடுச்சு, பெராக்சைடும் ஒரு சுத்து ஆச்சு. நெத்தி நல்ல வெள்ளை. கொம்படியில ஒரு பக்கம் மட்டும் லேசா நிறம் போயிருக்கு, மர ஸ்டெயின் கொஞ்சம் தொட்டு வச்சா சரியாயிடும்னு நினைக்கிறேன். மாடிப்படிச் சுவர்ல மாட்டப் போறேன். தனி ஆணி தாங்குமா?

மிஸூலா_பாண்டி

சுவர்ப் பலகை தாங்காது. உள்ள 16 அங்குலத்துக்கு ஒண்ணா மரச் சட்டம் இருக்கும், தட்டிப் பார்த்து அதுல திருகாணி போடுங்க. பின்மண்டை ஓட்டையில நுழையற மாதிரி இரும்புக் கொக்கி விக்கிறாங்க, அதுல மாட்டினா தலையைக் கொஞ்சம் கீழ சாய்க்கலாம், பக்கவாட்டுலயும் திருப்பலாம். படியில ஏறி வர்றவங்க கண் உயரத்துக்குக் கொம்பு நுனி வரக்கூடாது, அதை முதல்ல பாருங்க. கணப்படுப்புக்கு மேல வேண்டாம். மிச்சம் மீதி கொழுப்பு இருந்தா அந்தச் சூட்டுக்கு வெளியே வந்துடும்.

லவ்லேண்ட்_செந்தில்

முருகு, வேலை முடிஞ்சதுன்னா அந்தப் பாதி ட்ரம்மை என்ன பண்ணப் போறீங்க? எங்க பார்ட்னர் ஒருத்தருக்கு நாலாவது சீசன்ல கிடைச்ச தலை இன்னும் ஃப்ரீசர்ல கிடக்கு. நான் பக்கத்துலதான் இருக்கேன்.

முருகு_ஃபோர்ட்காலின்ஸ்

சனிக்கிழமை வாங்க, எடுத்துட்டுப் போங்க. அடுப்பும் இருக்கு, சிலிண்டர் மட்டும் காலி. ஒரு பக்கம் வெட்டு விளிம்பு கூரா இருக்கு, தூக்கும்போது கையுறை போட்டுக்கோங்க.